வெள்ளையன் காக்கை செய்த ஊர் ஆராய்ச்சி

கோரைக்குளத்தில் தண்ணீர் வற்றிப்போய், சேறும் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கரையில் நீலி என்ற கழுதை நின்றுகொண்டிருந்தது. நிறைமாதம். வயிறு பீப்பாய் மாதிரி தொங்கியது.

நீலிக்கு ஒரு காலத்தில் முதலாளி ஒருவன் இருந்தான். குட்டியானை என்று சொல்கிறார்களே, அந்தச் சின்ன லாரியை அவன் வாங்கினான். வாங்கிய கையோடு நீலியைக் கருவேலங்காட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். நீலியும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பாரம் போயிற்றே என்று புழுதியில் நன்றாகப் புரண்டு எழுந்தது.

குட்டிக்குத் தகப்பன் யார் என்று கேட்காதீர்கள். அவன் போன ஆடியில் வந்தான், ஆவணியில் போனான். அவ்வளவுதான்.

இப்போது நீலிக்கு ஒரே கவலை. தண்ணீர் இல்லாவிட்டால் மடியில் பால் ஊறாது. பால் ஊறாவிட்டால் பிறக்கிற குட்டி பிழைக்காது.

"ஊர்ப் பக்கம் போனாத்தான் உண்டு," என்றது நீலி. "ஆனா எந்த ஊருக்குப் போறது?"

பொந்திலிருந்து தலையை நீட்டியது ஓர் உடும்பு. "எனக்கு எந்த ஊரும் ஒண்ணுதான் தாயி! மசாலாதான் ஊருக்கு ஊர் மாறும்!"

"அவசரப்படாதீங்க!" என்று மேலேயிருந்து ஒரு குரல் வந்தது. வெள்ளையன் என்ற காக்கை. கருகருவென்று அண்டா அடிப்பாகம் மாதிரி இருக்கும். யார் அதற்கு வெள்ளையன் என்று பேர் வைத்தார்களோ தெரியாது. அது பகலெல்லாம் பள்ளிக்கூடத்து ஜன்னலில் உட்கார்ந்து, பிள்ளைகள் சிந்துகிற சோற்றையும் வாத்தியார் சிந்துகிற வார்த்தைகளையும் பொறுக்குகிற காக்கை.

"இதுக்கு ஓர் ஆராய்ச்சி பண்ணணும் நீலி! எந்த ஊர் மனுசங்க மிருகங்கள்கிட்ட இரக்கமா இருக்காங்க, எந்த ஊர்ல என்ன வழக்கம், எல்லாத்தையும் நான் பறந்து போய்ப் பார்த்துட்டு வர்றேன்!"

"எப்போ போறே?"

"நாளைக்கே! நாளைக்கு ஆடி அமாவாசை. நல்ல நாள்!"

உடும்பு கண்ணை மூடிக்கொண்டு சிரித்தது. நீலிக்கு அந்தச் சிரிப்பு ஏன் என்று விளங்கவில்லை.

மறுநாள் பொழுது சாய்கிற நேரத்தில் வெள்ளையன் திரும்பி வந்தது. பறந்து வரவில்லை, தத்தித் தத்தி நடந்து வந்தது. வயிறு தரையில் உரசியது. அலகில் பாயசம் காய்ந்து ஒட்டியிருந்தது. ஒரு கல்லின் மேல் ஏற மூன்று தடவை முயன்று, முடியாமல் கீழேயே நின்று பேசியது.

"கேளு நீலி! முதல்ல தேன்பாறை. மலைச் சனங்க. தினை அறுக்கும்போது குருவிக்குன்னு ஓர் ஓரத்தை அறுக்காம விட்டுர்றாங்க. நல்ல வழக்கம்தான். ஆனா வடை கிடையாது. அதனால நடுத்தரம்."

"தண்ணி இருக்கா?"

"சுனை இருக்கு. ஆனா நீ ஏறினா பாதி மலையிலேயே பெத்துருவே."

"சரி, அடுத்து?"

"உப்போடை! கடற்கரை. உப்பளத்து ஆளுங்க. ஐயையோ, கொலைகாரங்க!" வெள்ளையனுக்குச் சிறகெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. "வெயில்ல நெத்திலி காயப் போட்டிருந்தாங்க. ஒண்ணே ஒண்ணைத் தொடப் போனேன். பார்த்தா, கம்பு நட்டு, அதுல ஒரு காக்காயைத் தூக்குல தொங்க விட்டிருக்காங்க! ஒருத்தி கல்லை விட்டா பாரு, என் வால் தப்பிச்சது பெரிசு. பூசை இல்லை, படையல் இல்லை. வாயைத் திறந்தா வசவு. அந்தப் பக்கம் தலைவச்சும் படுக்காதே!"

"சரிப்பா. மூணாவது?"

வெள்ளையன் கண்ணை மூடிக்கொண்டது. ஒரு ஏப்பம் வந்தது.

"மஞ்சநேந்தல்! ஊருன்னா அது ஊர்! வீட்டுக்கு வீடு இலை போட்டு, வடை பாயசத்தோட வச்சு, கா கா கான்னு கெஞ்சுறாங்க. நான் வாய் வைக்காம ஒருத்தரும் சாப்பிடல! என்னைத் தாத்தான்னாங்க. அப்பான்னாங்க. ஒருத்தர் கண்ணுல தண்ணியே வந்துருச்சு!"

"அது காக்காய்க்கு. கழுதைக்கு என்ன செய்வாங்க?"

"அங்கதான் இருக்கு விசயம்! வாசலுக்கு வாசல் உன் படம் மாட்டியிருக்காங்க நீலி! ரெட்டைக் கழுதை. அதுக்குக் கீழே 'என்னைப் பார், யோகம் வரும்'னு எழுதி, பூ வேற சாத்தியிருக்காங்க! ஒரு வீட்டுக் குழந்தை எழுத்துக் கூட்டிப் படிச்சதை என் காதால கேட்டேன்!"

பிறந்ததிலிருந்து நீலிக்குக் கிடைத்ததெல்லாம் அடியும் உதையும்தான், யாரும் பூ சாத்தியதில்லை.

"படத்துல காது எப்படி இருக்கு? தொங்குதா?"

"ரெண்டும் நிமிர்ந்து நிக்குது!"

உடும்பு மெல்லக் கேட்டது: "ஏம்ப்பா, அமாவாசை முடிஞ்சு ஒரு நாள் அந்த ஊருக்குப் போய்ப் பார்த்தா என்ன?"

"எதுக்கு? அதான் ஆராய்ச்சி முடிஞ்சுருச்சே!" என்றது வெள்ளையன். அதோடு அங்கேயே தூங்கியும் போனது.

விடிந்ததும் நீலி மஞ்சநேந்தலுக்கு நடந்தது. ஊர் எல்லையில் கால் வைத்ததுதான் தாமதம்.

"வந்துட்டாடா மகராசி!" என்று ஒருவன் கத்தினான். "தலைவரே, பொண்ணு கிடைச்சிருச்சு!"

நீலி திரும்பிப் பார்த்தது. பின்னால் யாரும் இல்லை. தன்னைத்தான் சொல்கிறார்கள்.

விசயம் இதுதான். மஞ்சநேந்தலில் மழை இல்லை. மழை இல்லாவிட்டால் கழுதைக்குக் கல்யாணம் செய்துவைப்பது அந்த ஊர் வழக்கம். மாப்பிள்ளைக் கழுதை தயாராக இருந்தது. பெண்ணுக்குத்தான் ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தார்கள். பெண் தானாகவே நடந்து வந்தால் விடுவார்களா?

நீலியைக் குளிப்பாட்டினார்கள். மஞ்சள் பூசி, சாமந்தி மாலை போட்டார்கள். கல்யாண அவசரத்தில் பழைய பட்டுப்புடவை ஒன்றை வயிறு மறையும்படி முதுகில் போட்டார்கள். மேளம் கொட்டியது. ஊர்த்தலைவர் நல்லபெருமாள் மஞ்சள் கயிற்றை எடுத்துக் கொடுக்க, கழுத்தில் கட்டியாயிற்று. ஊரே கும்பிட்டது.

'வெள்ளையன் சொன்னது நிசந்தான்' என்று நீலி பூரித்துப்போனது.

ஆனால் பந்தியில் மனிதர்கள் உட்கார்ந்தார்கள். கல்யாண ஜோடியைக் கொட்டிலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனார்கள்.

மாப்பிள்ளைக்குச் செம்பட்டை என்று பேர். வயதான கழுதை. அது நீலியைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை: "அம்மாடி, அந்த மாலையைச் சீக்கிரம் தின்னுரு. இனிமே ஒண்ணும் வராது."

"என்ன மாமா இப்படிச் சொல்றீங்க?"

"போன வருசமும் எனக்குக் கல்யாணம் ஆச்சு. அதுக்கு முந்தியும் ஆச்சு."

"அந்தப் பொண்ணுங்கள்லாம் எங்கே?"

"மழை பெய்யலைன்னா விரட்டி விட்டுருவாங்க. மழை பெஞ்சா மறந்து போயிருவாங்க. என்னை மட்டும் வச்சிருக்காங்க. செங்கல் சுமக்க ஆள் வேணுமே!"

அப்போது காற்றில் செம்பட்டையின் முதுகில் போட்டிருந்த ஜரிகை வேட்டி விலகியது. நீலி பார்த்தது. முதுகெலும்பு நெடுகப் புண். ஈ மொய்த்தது. முன்னங்கால் இரண்டையும் சேர்த்துக் கட்டிய தளைக்கயிறு தோலைத் தின்று உள்ளே போயிருந்தது.

நீலிக்கு வாயில் இருந்த சாமந்திப்பூ கசந்தது.

நாள் ஓடியது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. ஊர்த்தலைவர் கோபத்தோடு கொட்டிலுக்கு வந்தார். வந்தவர் நீலியின் வயிற்றைக் குனிந்து பார்த்தார். சுற்றி வந்தும் பார்த்தார்.

"அடப்பாவிகளா! பொண்ணு முழுகாம இருக்குதடா!"

ஊர் கூடிவிட்டது.

"அதான் மழை வரலை!" என்றான் ஒருவன்.

"கல்யாணத்துக்கு முந்தியே கேட்டிருக்கணும்!" என்றான் இன்னொருவன்.

"யாருகிட்டடா கேக்குறது? கழுதைகிட்டயா?" என்று தலைவர் எரிந்து விழுந்தார். "அடிச்சு விரட்டுங்கடா!"

"பொறுங்க மச்சான்," என்று தலைவரின் மச்சினன் முன்னால் வந்தான். எதிலும் லாபம் பார்க்கிற ஆள். "குட்டி போட்டா பால் இருக்கும்ல? சங்குல ஊத்தி வித்தா கைக்குழந்தைக்காரிக வரிசை கட்டி வருவாளுக. சளிக்கும் சீர் நோவுக்கும் கழுதைப்பால்னா கண்ணை மூடிக்கிட்டு வாங்குவாளுக."

"அப்போ குட்டிக்கு?"

"குட்டிக்கு என்ன? எட்டக் கட்டிப் போடுவோம். தாய்க்குப் பால் சுரக்கிறதுக்கு மட்டும் கண்ணுல காட்டுவோம். அது இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்."

நீலியின் காது இரண்டும் விறைத்து நின்றன, படத்தில் இருக்கிற மாதிரியே. அன்றே அதன் முன்னங்காலிலும் தளை விழுந்தது. தலைவர் வீட்டு வாசலோரம் கட்டினார்கள். தலைக்கு மேலே சுவரில் அந்தப் படம். வீட்டுக்காரம்மா வெள்ளிக்கிழமை படத்துக்கு மல்லிகைப்பூ போட்டு, கற்பூரம் காட்டினாள். காட்டிவிட்டு, வழியில் நின்ற நீலியின் மூக்கில் ஒரு தட்டு. "தள்ளிப் போ, மூதேவி!"

அந்த நேரம் பார்த்து வெள்ளையன் கூரையில் வந்து உட்கார்ந்தது.

"என்ன நீலி! வசதியெல்லாம் எப்படி?"

நீலி பதில் சொல்வதற்குள் விளக்குமாறு ஒன்று பறந்து வந்தது. "ச்சூ! பீடை பிடிச்ச காக்கா! காயப்போட்ட வத்தல்ல வாய் வச்சிருச்சே!"

"ஏம்மா, அன்னைக்குத் தாத்தான்னு கூப்பிட்டீங்களே!" என்று வெள்ளையன் அலறிக்கொண்டு கூரை மாறி உட்கார்ந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு நீலியைப் பார்த்து, "ஏதோ கோவத்துல இருக்காங்க. அதுக்காக முடிவை மாத்த முடியுமா?" என்றது.

"மாத்த வேண்டாம்டா வெள்ளையா," என்றது நீலி. "அப்படியே வடைக்குள்ள வச்சு முழுங்கிரு."

இனி யாரையும் நம்பிப் பயனில்லை என்று நீலிக்குப் புரிந்துவிட்டது. வயிற்றில் குட்டி உதைக்க ஆரம்பித்திருந்தது. இந்த வாசலில் பிறந்தால் அது பால் வாசனையை முகர்ந்தபடியே செத்துப்போகும். இந்த ஊருக்கு எதன் மேல் பைத்தியம் என்று நீலி யோசித்தது. கழுதையின் மேல் இல்லை, யோகத்தின் மேல்தான் பைத்தியம். அதைப் பிடித்துக்கொண்டு வெளியே போகவேண்டியதுதான்.

வாய்ப்பு வந்தது. தலைவர் தன் மகளுக்குச் சம்பந்தம் பேச வெளியூர் கிளம்பினார். கிளம்பும்போது கழுதை கத்தினால் போகிற காரியம் கைகூடும் என்பது அவர் நம்பிக்கை. வெள்ளை வேட்டியும் தாம்பாளமுமாக வாசலில் வந்து நின்று, நீலியின் வாயைப் பார்த்தார்.

நீலி வாயை இறுக்க மூடிக்கொண்டது.

"கத்து ஆத்தா!" என்றார் தலைவர்.

நீலி வானத்தைப் பார்த்தது.

"மச்சான், ராகுகாலம் வருது!" என்று மச்சினன் அவசரப்படுத்தினான். புல்லைக் காட்டினான். வாலை முறுக்கினான். அவனே ஒரு தடவை கத்தியும் காட்டினான். தெருவில் நாலு பேர் சிரித்ததுதான் மிச்சம்.

நீலி மெதுவாகத் தளை போட்ட காலை அசைத்துக் காட்டியது.

தலைவர் பிடித்துக்கொண்டார். "அட முட்டாளே, காலைக் கட்டிப் போட்டா யோகம் எப்படிடா நடந்து வரும்? அவுருடா முதல்ல!"

தளையும் கட்டுக்கயிறும் அவிழ்ந்தன. நீலி கழுத்தை நீட்டி ஒரு கத்துக் கத்தியது பாருங்கள், கூரையில் இருந்த பூனை கீழே விழுந்தது!

தலைவர் முகம் மலர்ந்து நடந்தார். நீலியும் பின்னாலேயே நடந்தது. கொஞ்ச தூரம் போய் இன்னொரு கத்தல். தலைவர் இன்னும் மலர்ந்தார். மச்சினன் ஓடிவந்து அதன் கழுத்தில் கிடந்த மஞ்சள் கயிற்றைப் பிடித்தான்.

"விடுறா கையை!" என்று தலைவர் அதட்டினார். "யோகம் தானா பின்னால வருது. நீ பிடிச்சு இழுத்து அறுக்கப் பார்க்கிறியா?"

"இல்லை மச்சான், பால்..."

"போடா, பாலும் நீயும்! என் பொண்ணு கல்யாணம் பெருசா, உன் சங்கு பெருசா?"

ஊரே தெருவோரம் நின்று கும்பிட, தலைவர் முன்னே, கழுதை பின்னே, பஸ் நிறுத்தம் வரைக்கும் ஊர்வலம் போனது. தலைவர் பஸ்ஸில் ஏறினார். நீலி கடைசியாக ஒரு தடவை கத்தி வழியனுப்பியது. பஸ் கிளப்பிய புழுதி அடங்கும்போது அங்கே தலைவரும் இல்லை, யோகமும் இல்லை.

நீலி கிழக்கே திரும்பியது. 'வெள்ளையன் மெச்சின ஊரைப் பார்த்தாச்சு. அவன் திட்டின ஊரையும் பார்த்துருவோம்!'

உப்போடையில் வெயில் கண்ணைக் குத்தியது. எங்கே பார்த்தாலும் வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல். நீலி இந்தத் தடவை அவசரப்படவில்லை. கொட்டகைக்குப் பின்னால் மறைந்து நின்று கவனித்தது. வாசலில் படம் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. அங்கே உப்பு மூட்டை சுமந்து போன கழுதைகளின் முதுகைப் பார்த்தது.

மெலிந்த கழுதைகள்தான். ஆனால் புண் இல்லை. மூட்டைக்கு அடியில் தடித்த சாக்கை மடித்துப் போட்டிருந்தார்கள்.

நல்ல தண்ணீர் ஏற்றிய வண்டி வந்தது. உப்பளத்தில் நல்ல தண்ணீர் என்றால் உயிர். ஆட்கள் நாக்கு வறண்டு ஓடிவந்தார்கள். புதிதாக வேலைக்கு வந்த ஒருவன் முதல் வாளியில் செம்பை விட்டான்.

"ஏலே! எடுலே கையை!" என்று ஒரு பெண் பாய்ந்து வந்தாள். ராசக்கனி என்று பேர். அந்த உப்பளத்து வேலையாட்களுக்குத் தலைவி. "முதல் வாளி தொட்டிக்குத்தான். இங்க அதான் வழக்கம். உனக்கு வாய் இருக்கு, கேட்டு வாங்கிக் குடிப்பே. அது கேக்குமா? தள்ளு, மாடு மாதிரி நிக்கிறதைப் பாரு!"

வாளித் தண்ணீர் கல்தொட்டியில் விழுந்தது. கழுதைகள் குடித்தன. அதற்குப் பிறகுதான் ஆட்கள் குடித்தார்கள்.

நீலிக்கு அதற்கு மேல் நிற்க முடியவில்லை. வலி வந்துவிட்டது. கொட்டகை நிழலில் போய்ப் படுத்தது.

"அடி சனியனே!" என்று ராசக்கனி இடுப்பில் கை வைத்தாள். "நீ யாருட்டி? புள்ளை பெற என் கொட்டகைதான் கிடைச்சுதா? ஊரெல்லாம் சுத்திட்டு இங்க வந்து படுத்துருக்கா பாரு, மகாராணி!"

திட்டிக்கொண்டேதான் சாக்கை விரித்தாள். திட்டிக்கொண்டேதான் தண்ணீர் தெளித்தாள். அவள் வாய் ஓய்வதற்கும் குட்டி விழுவதற்கும் சரியாக இருந்தது. நெடுநெடுவென்ற காலும் பெரிய காதுமாக ஒரு பெட்டைக் குட்டி.

கொஞ்ச நேரத்தில் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி ஓடிவந்தாள். "அக்கா, கழுதை ஈன்றிருக்காமே! பிள்ளைக்கு ஒரு சங்கு பால் பீச்சித் தாங்களேன்."

நீலி மூக்கால் குட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. இங்கேயும் அதே கதைதானா?

ராசக்கனி குட்டியைப் பார்த்தாள். அது இன்னும் நிற்கவே படிக்கவில்லை, நாலு காலும் நாலு பக்கம் போனது.

"முதல்ல அந்தச் சவத்து மூதி குடிக்கட்டும்ட்டி. அது வயிறு ரொம்பின பிறகு மடியில மிச்சம் இருந்தா வாங்கிட்டுப் போ. இல்லைன்னா உன் பிள்ளையை டாக்டர்கிட்டக் காட்டு. போ, நிழலை மறைக்காதே!"

வந்தவள் முணுமுணுத்துக்கொண்டே போனாள். குட்டி விழுந்து எழுந்து, மடியை முட்டிக் கண்டுபிடித்து, சப்புச் சப்பென்று குடிக்க ஆரம்பித்தது. நீலி கண்ணை மூடிக்கொண்டது.

உப்போடை சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். குட்டி ஓடியாடத் தொடங்கியதும் நீலிக்கும் மூட்டை வந்தது. அங்கே நாய்க்கு உதை உண்டு. நண்டைப் பார்த்து ஒருவரும் இரக்கப்படுவதில்லை.

ஒருநாள் வெள்ளையன் தூரத்து மின்கம்பத்தில் வந்து உட்கார்ந்து கத்தியது. "நீலி! ஓடி வந்துரு! அந்தா பாரு, இன்னும் தூக்குல தொங்குது!"

"கிட்ட வந்து பாருடா குருட்டுப் பயலே. அது கிழிஞ்சுபோன கறுப்புப் பாவாடை. மீனைக் காக்கா தூக்காம இருக்க மாட்டி வச்சிருக்காங்க."

வெள்ளையன் தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தது. பிறகு மறு கண்ணால் பார்த்தது. பாவாடைதான்.

"அப்போ இவங்க நல்லவங்கதானா? எனக்கு நெத்திலி கொடுப்பாங்களா?"

"கல்லுதான் கொடுப்பாங்க. கிட்ட வராதே."

"பின்னே எப்படி நல்ல ஊர்ங்கிறே? என் ஆராய்ச்சிதான் சரி!" என்று வெள்ளையன் சிறகை உதறியது. "மூணு ஊருக்குப் போனேன், மூணு ஊர்லயும் வாய் வச்சுப் பார்த்தேன்! இதுக்கு மேல எப்படி ஆராய முடியும்?"

குட்டி குடித்து முடித்து, பால் வழிகிற வாயோடு தாயின் காலடியில் சுருண்டு படுத்தது. நீலி அதை நக்கிக்கொடுத்துவிட்டு நிமிர்ந்தது.

"வெள்ளையா, நீ போனது ஆராய்ச்சிக்கு இல்லைடா. பந்திக்கு!"

தன் இலையில் விழுந்த வடையை வைத்து ஓர் ஊரின் இரக்கத்தை அளக்கிறவனுக்கு, அடுத்தவன் முதுகில் இருக்கிற புண் ஒருநாளும் கண்ணில் படாது.